பாய் கீறிய கோடு

நகரியில் எந்தத் தறி ஷெட்டுக்குள் நுழைந்தாலும் பாய் முதலில் தறியைப் பார்க்கமாட்டார். டூல்ஸ் பையை வாசலோரம் வைப்பார். கழுத்தை நாலு பக்கமும் ஒரு திருப்பு திருப்புவார். "மேற்கு எந்தப் பக்கம்?" என்பார். பதில் கிடைத்த பிறகுதான் தறியில் என்ன கோளாறு என்ற பேச்சே. மெக்கா நமக்கு மேற்கே இருக்கிறது. தொழுகை நேரம் வந்த பிறகு தேடிக்கொண்டு நிற்கக்கூடாதாம், வந்தவுடனே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டுமாம்.

இது புரியாத ஓனர்கள் அவரை வாஸ்து தெரிந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஜில்லாவில் வாஸ்து பார்க்காமல் ஒருத்தரும் வாளியைக்கூட இடம் மாற்றி வைக்கமாட்டார்கள். புத்தூர் ரோட்டில் ஒரு புது ஷெட். பாய் மேற்கைக் கேட்டார், ஓனர் கையைக் காட்டினார், அங்கே கக்கூஸ் இருந்தது. பாய் "ப்ச்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் போனால் கக்கூஸ் இடிந்து கிடக்கிறது. ஓனர் கும்பிடு போட்டு, இப்போது பரவாயில்லையா, ஈசான்ய மூலையையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று தெலுங்கில் கெஞ்சுகிறார். வெளியே வந்ததும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் தொழ எடம் பார்த்தேன் நைனா. அந்த ஆளு கக்கூஸை இடிச்சிட்டு நிக்கிறான்."

எங்கள் பக்கம் அப்பாவையும் நைனா என்போம், செல்லமாக யாரையும் நைனா என்போம். அவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். பலமனேர்க்காரர். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு நகரியில் பவர்லூம் மெக்கானிக்காக இருந்தார். நான் அவருக்குக் கூடமாட. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வாயால் பிழைப்பவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் நக்கல் அடிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால் அந்த வாயே எனக்கு எதிரி. ஷெட்டில் ஒருதரம் மோட்டாரில் புகை வந்தபோது நான் மெயினை அணைக்காமல் ஃபேனை அணைத்தவன். அணைத்துவிட்டு, "அணைச்சிட்டேன், யாரும் பயப்படாதீங்க" என்று கத்தவும் செய்தேன். மெயினை அணைத்தவர் பாய். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் ஊர் பூராவும் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

திருப்பதியில் மட்டும் பாய் யாரிடமும் மேற்கைக் கேட்கமாட்டார். ஊருக்கு வடக்கே மலை நிற்கிறது. மலையைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம் மேற்கு, தீர்ந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நான் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். பாயும் பக்கத்தில் நின்று அதே மலையைப் பார்ப்பார். பிறகு பட்டாளத்துக்காரர் மாதிரி டக்கென்று இடதுபக்கம் திரும்புவார். உங்கள் பெருமாள் இடத்தை விட்டு நகராதவரைக்கும் இந்த ஊரில் எனக்குத் திசை தப்பாது என்பார். நான், அவர் நகர்வதாக இருந்தால் எங்களுக்கு முன்னாடியே டோக்கன் கொடுப்பார்கள், உங்களுக்கும் ஒன்று வாங்கிவைக்கிறேன் என்பேன்.

அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது வடமாலபேட்டை தாண்டி பஸ் நின்றுவிட்டது. மழைக்காலம். வானம் ஒரே சாம்பல், சூரியன் இருக்கிற சுவடே இல்லை. பாய் இறங்கி வழக்கம்போலக் கேட்டார். பஸ் இரண்டு கட்சி ஆகிவிட்டது. டிரைவர் ஒரு பக்கம் காட்டினார், கண்டக்டர் நேர் எதிர்ப் பக்கம் காட்டினார். தினமும் இதே ரோட்டில் நாலு நடை போகிறவர்கள் இரண்டு பேரும். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் இறங்கி அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டது. ஒரு பெரியம்மா, "இந்த ஆளுங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், ஒயின் ஷாப் எந்தப் பக்கம்னு," என்றது. தொழப்போவது அவர், பதறுவது நான். நேரம் போய்விடுமே என்று பக்கத்து வயலில் மாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றெல்லாம் பார்த்தேன். பாய் எல்லாரும் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு மரத்தடியில் போய், பாசி எந்தப் பக்கம் என்று பட்டையைத் தடவிப் பார்த்தார். துண்டை விரித்து ஒரு பக்கம் நின்று தொழுதார்.

துண்டை உதறி மடிக்கும்போது மேகம் விலகியது. சாயங்கால வெயில் அவர் முதுகில் விழுந்தது. மூஞ்சியில் விழ வேண்டிய வெயில்.

"பாய், தப்பாத் தொழுதுட்டீங்க," என்றேன். அழுதுவிடுவேன் போல இருந்தது எனக்கு.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "தேடினேன் இல்ல? அது போதும் நைனா. தேடிட்டு தப்பா நின்னா அதையும் ஏத்துக்குவான். தேடாம நின்னா, சரியா நின்னாலும் அது சும்மா நின்னதுதான்."

அப்போது இதையும் நான் ஒரு ஜோக்காக்கினேன். வீட்டில் பெண்டாட்டி உப்பு டப்பாவை எடுத்துவரச் சொன்னால், "தேடினேன், அது போதும்," என்று வெறுங்கையோடு வருவேன்.

நகரியில் தறிகள் குறைய, ஒரு ஏஜெண்ட் மூலமாக இரண்டு பேரும் மடகாஸ்கர் போனோம். மேட்டுநிலத்தில், டவுனை விட்டுத் தள்ளி ஒரு துணி ஃபேக்டரி. எங்களுக்கு ஒரே ரூம், இரண்டு கட்டில். போய் இறங்கிய அன்றைக்கே பாய் கேட்பார் என்று தெரிந்து, நான் முந்திக்கொண்டு சூரியன் இறங்கும் பக்கத்தைப் பார்த்துவைத்திருந்தேன். பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"இங்க மேற்கு இல்ல நைனா. இந்த ஊருக்கு மெக்கா வடக்குல கீது. நம்ம ஊரை வுட்டு வந்துட்டோம், மேற்கையும் வுட்டுட்டு வரணும்."

வடக்கு என்றால் வடக்கில் எங்கே என்பது அடுத்த பிரச்சினை. ஃபோனில் இருந்த காம்பஸ், சுற்றிலும் இரும்புத் தறி என்பதால் கிறுக்குப் பிடித்ததுபோல் சுழன்றது. டவுனில் இருந்த சின்ன மசூதிப் பெரியவர் ஃபோனில் வடக்கு, கொஞ்சம் இடது என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பாய்க்குத் தூக்கமே இல்லை. மே மாசக் கடைசியில் ஒருநாள் மதியம் என்னை இழுத்துக்கொண்டு ஷெட் பின்னால் போனார். சிமெண்ட் தரையில் ஒரு இரும்புக் கம்பியை நேராக நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். வருஷத்தில் இரண்டு நாள், ஒரு குறிப்பிட்ட நிமிஷத்தில் சூரியன் மெக்காவுக்கு நேர் தலைக்கு மேல் நிற்குமாம். அந்த நிமிஷம் சூரியன் தெரிகிற எந்த ஊரில் இருந்தாலும் சூரியன் இருக்கிற பக்கம்தான் கிப்லா, அதாவது தொழும் திசை. அந்த ஊரில் மதியச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதைப் பார்த்தே எனக்குப் பயம். இதில் கம்பி வேறு. கை ஆடியது. கை ஆடினால் கிப்லா ஆடும் என்றார் பாய். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்த நிமிஷம் வந்ததும் நிழல் மேலேயே ஒரு ஆணியால் நீளமாகக் கீறினார். அப்புறம் அதில் சிவப்பு பெயிண்ட் ஊற்றினார்.

அந்தக் கோட்டை வைத்து ரூமில் சுவரைக் கண்டுபிடித்தார். என் சட்டை மாட்டும் ஆணி இருந்த சுவர். இரண்டு வருஷம் அவர் என் சட்டையைப் பார்த்துத்தான் ஐந்து வேளையும் தொழுதார். "பாய், இந்தப் பக்கம் வடக்கு. திருப்பதியா இருந்தா நீங்க இப்ப எங்க மலையைப் பார்த்துக்கினு நிக்கிறீங்க," என்றேன் ஒருநாள். அதற்கென்ன, உன் சட்டைக்கு அது எவ்வளவோ மேல், மழையிலாவது துவைத்திருக்கும் என்றார்.

கட்டில் விஷயம் தனி. கிப்லா பக்கம் கால் நீட்டிப் படுக்கமாட்டார். கட்டிலைத் திருப்பியதில் அவர் தலை ஒழுகும் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டது. மழைக்காலம் பூராவும் தலைமாட்டில் குடை விரித்துத் தூங்கினார். நான் மாற்றிப் போடலாம் என்றால், நனைவது தலைதானே, காயும் என்பார்.

எங்களோடு வேலை செய்த ரகோத்தோ என்பவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அந்த ஊர்க்காரன். அவனிடம் பாய் கோட்டைக் காட்டி, இது என்ன, எங்கே போகிறது என்று கையாலும் காலாலும் விளக்கினார். அவன் அதை மிதிக்காமல் தாண்டிப் போவான்.

பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது, ரோடு நின்றது, டவுனுக்கும் எங்களுக்கும் நடுவில் தடுப்பு. அந்த நாட்களில்தான் பாய்க்குக் காய்ச்சல். மூன்றாவது நாள் காலையில் முடிந்துவிட்டது. கடைசியில் ஏதும் சொன்னாரா என்று எல்லாரும் கேட்பார்கள். தண்ணி கேட்டார். நான் கொண்டுவந்தது அவருடைய மூக்குக் கண்ணாடி. அதை வாங்கிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். அதுதான்.

ஊருக்கு உடம்பை அனுப்ப வழியில்லை. சாயங்காலத்துக்குள் அடக்கம் பண்ணவேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நான் என் பெயரை எழுதினேன். கிளார்க் ஃபாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இன்னொரு ஃபாரம் கொடுத்தான். பாயின் அப்பா பெயரைக் கேட்டபோது பலமனேர் பின்கோடைச் சொன்னேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஃபேக்டரியில் வேறு முஸ்லிம் யாரும் இல்லை. தடுப்பைத் தாண்டி வர மசூதிப் பெரியவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஃபோனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் ரகோத்தோவும் குளிப்பாட்டினோம், ஷெட்டில் இருந்த வெள்ளைத் துணியில் சுற்றினோம். நான் பத்து வருஷம் அவர் பின்னால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். அன்றைக்கும் அவர்தான் ஏதோ வேலை செய்கிற மாதிரியும் நான் எடுத்துக் கொடுக்கிற மாதிரியும் இருந்தது. வலதுபக்கம் ஒருக்களித்து, முகம் கிப்லாவைப் பார்க்க வையுங்கள் என்று பெரியவர் கடைசியாகச் சொன்னார். இறந்தவருக்கான தொழுகையை டவுனில் இருந்தே நடத்திக்கொள்வதாகவும் சொன்னார்.

இடம் ஃபேக்டரிக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போனதும் சிக்னல் போய்விட்டது. மண்வெட்டியோடு நாலு பேர் நின்றார்கள். ரகோத்தோ அப்போதுதான் சைக்கிளில் கயிறு எடுத்துவரப் போயிருந்தான். அவர்களில் ஒருத்தன் எந்தப் பக்கம் என்று கையால் கேட்டான்.

நான் மேற்கைக் காட்டினேன்.

யோசித்துக் காட்டவில்லை. நின்று காட்டவில்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல் கை தானாகப் போனது. புத்தூர் ரோட்டில், வடமாலபேட்டையில், எத்தனை ஷெட்டில் கேட்ட மேற்கு. நகரியில் அடக்கம் பண்ணும்போது வடக்கே தலை, மேற்கே முகம் என்று பார்த்துப் பழகிய மேற்கு. சிவப்புக் கோடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. ரூம் அதற்குப் பக்கத்தில். ஆணியில் என் சட்டை. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ரகோத்தோ கயிற்றோடு வந்தபோது பாதிக்குமேல் தோண்டியாகிவிட்டது. அவன் என்னை ஒருதரம் பார்த்தான். எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டான்.

மறுநாள் காலையில் சட்டையை எடுக்கப் போனேன். ஆணிக்குக் கீழே தொழுகைப் பாய் மடித்தபடி இருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் கட்டிலில்.

ஊருக்கு வந்த பிறகு அவர் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாம் முறைப்படி நடந்தது என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷம் அதையே சொன்னேன். நல்ல நாளில் ஃபோன் பண்ணி இரண்டு ஜோக் சொல்வேன், அக்கா சிரிக்கும், வைத்துவிடுவேன்.

போன மாசம் ரகோத்தோ இரண்டு ஃபோட்டோ அனுப்பினான். ஒன்றில் சிமெண்ட் தரையில் சிவப்புக் கோடு, இன்னும் அழியவில்லை. இன்னொன்றில் பாயின் சமாதி. அவர்கள் ஊரில் செத்தவர்களைச் சில வருஷத்துக்கு ஒருதரம் வெளியே எடுத்து, புதுத் துணி சுற்றி, பேசி, ஆடிப்பாடி, திரும்ப வைப்பார்கள். அது அவர்களுக்கு மரியாதை. இந்த வருஷம் எங்கள் வீட்டில் செய்கிறோம், உன் நண்பர் கோட்டோடு சேராமல் படுத்திருக்கிறார், வீட்டில் கேட்டுச் சொன்னால் மரியாதையாகத் திருப்பி வைக்கிறோம் என்று எழுதியிருந்தான். அத்தனை வருஷம் அவனும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

பலமனேருக்குப் போனேன். திசை தப்பிவிட்டது என்ற பாதியை முன்னாடியே ஃபோனில் சொல்லிவிட்டேன், நேரில் முழுதாகச் சொல்லத் தைரியம் இருக்காது என்று. அக்கா வாசலில் மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளியையும் பீன்ஸையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. டீ கொடுத்தது. நான் குடித்து முடித்ததும் கேட்டது.

"இப்ப அவரு எப்படிப் படுத்துகீறாரு, காட்டு தம்பி."

கூடையில் இருந்து ஒரு தக்காளியை எடுத்துத் தரையில் வைத்தேன். இது மெக்கா. அதற்கு முன்னால் ஒரு பீன்ஸை வைத்தேன். காம்பு தலை. மனுஷனை பீன்ஸாக வைத்துக் காட்டுகிறோமே என்று எனக்கே கேவலமாக இருந்தது. பாய் இருந்திருந்தால் முருங்கைக்காய் இல்லையா நைனா என்று கேட்டிருப்பார். பீன்ஸ் தக்காளியைப் பார்த்துக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். நான் வைத்தது, காம்பு தக்காளிக்கு நேராக, நீளவாக்கில்.

அக்கா குனிந்து பார்த்தது. "கால் எந்தப் பக்கம் கீது?"

"இந்தப் பக்கம், தெக்கால."

"அப்ப மெக்கா பக்கம் கால் நீட்டல."

"இல்லக்கா."

"அது போதும்," என்றது. மூச்சை விட்டது. "கால் நீட்டியிருந்தா அவருக்குத் தூக்கம் வராது."

ரகோத்தோ சொன்னதைச் சொன்னேன். திருப்பி வைக்கலாமா என்று அக்கா ஏற்கெனவே மசூதியில் தொழவைக்கிற ஹஜ்ரத்தைக் கேட்டிருந்தது. மண் மூடியது மூடியதுதான், திறக்கக்கூடாது என்றாராம். அந்தப் பிள்ளைக்கு என் துவாவைச் சொல்லு, ஆனால் தொட வேண்டாம் என்று சொல்லு என்றது. தேடிப் பார்த்துத் தெரியாமல் தப்பாக வைத்திருந்தால் வைத்தவர் மேலும் குற்றம் இல்லை என்றும் ஹஜ்ரத் சொன்னாராம். கையில் இருந்த தக்காளியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டது.

"நீ தேடித்தான வெச்ச தம்பி?"

வடமாலபேட்டை மரத்தடியில் துண்டை உதறிய பாய் என் முன்னால் வந்து நின்றார்.

"தேடினேங்க்கா," என்றேன். "ரொம்பத் தேடினேன்."

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. மனசுல வெச்சிக்காத. நாலு வருஷமா உன் சிரிப்பு நல்லாயில்ல, அதான் கேட்டேன்."

அதற்காகக் கேட்டிருக்கிறது. எனக்காக. நான் அக்காவின் நிம்மதிக்காகப் பொய் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தூர் வருவதற்குள் அதை நானே நம்பவில்லை. கிளம்பும்போது பார்த்தேன், அக்கா அந்த பீன்ஸை ஒரு விரலால் மெதுவாக நகர்த்தி, தக்காளியைப் பார்க்கும்படி குறுக்கே திருப்பி வைத்திருந்தது. கூடையில் எடுத்துப் போடவில்லை. அப்படியே தரையில் விட்டிருந்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்ஸுக்காக நின்றேன். நல்ல வெயில். வெளியூர்க்காரர் ஒருத்தர், மொட்டையடிக்கக் கூட்டிவந்த இரண்டு குழந்தைகளோடு வந்து, மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். மலை அவர் தலைக்குப் பின்னால், பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

நான் முதலில் சூரியனைப் பார்த்தேன். தரையில் விழுந்த என் நிழலைப் பார்த்தேன். வாட்ச்சைப் பார்த்தேன். பக்கத்தில் பூ விற்கிறவரை ஒருதரம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோவாயால் காட்டினார். அதற்கப்புறம்தான் கையை நீட்டினேன்.

அந்த ஆள் குழந்தைகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.